மரு எந்தப் பக்கம்

என் கடையில் கம்ப்யூட்டருக்கு இருக்கும் மரியாதை எனக்குக் கிடையாது. ஃப்ளெக்ஸ் டிசைன் கேட்டு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அது எரிந்துகொண்டிருந்தால் உட்காருவார்கள். அணைந்திருந்தால், நான் முழு உருவமாக எதிரே நின்றாலும், "கடை தொறக்கலையா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். தூத்துக்குடியில் கல்யாணம், காதுகுத்து, புதுப் படகு இறக்குவது, கட்சிக்காரர் பிறந்தநாள், சாவு எல்லாம் என் மேஜை வழியாகப் போய்த்தான் தெருமுனையில் ஏறும். நான் டிசைன் செய்து கொடுப்பேன், அச்சடிப்பது வேறோர் இடத்தில். இத்தனை வருடத்து முகங்களும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன.

பெட்டிக்குள் இரண்டு பாகங்கள். சி டிரைவில் கம்ப்யூட்டர் ஓடுவதற்கு வேண்டிய சாமான்கள், டி டிரைவில் ஊர்க்காரர்களின் முகங்கள். சி நிரம்பி வழிந்து மாதக்கணக்காகச் சிவப்புக் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. டியில் இடம் தாராளமாகக் கிடந்தது. ஒரே பெட்டிக்குள் ஒருத்தன் மூச்சு முட்டிக் கிடக்க, இன்னொருத்தன் காலை நீட்டிப் படுத்திருப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்று இணையத்தில் போட்டிருந்தது. அதற்கு ஒரு மென்பொருளும் உண்டு, அதுவும் இலவசம். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்குக் கண் தெரியாது.

மென்பொருளைத் திறந்ததும் டிஸ்க்கின் படம் கட்டம் கட்டமாக வந்தது. சி, டி, இரண்டுக்கும் முன்னால் துக்கடாவாக இன்னொரு கட்டம். அதற்கு எழுத்தும் இல்லை, பெயரும் இல்லை, திறந்து பார்க்கவும் விடவில்லை. முகங்களைத் துடைத்துத் துடைத்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எங்காவது புள்ளியோ கறையோ கண்ணில் பட்டால் கை தானாகப் போய் அழித்துவிடும். அந்தத் துக்கடாவையும் அழித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னேன். நிச்சயமா என்று அது கேட்டது. நிச்சயம் என்றேன். மறுபடியும் கேட்டது. என்னை யாரென்று நினைத்தது அது? கோபத்தில் ஒரு தட்டுத் தட்டி, ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் கறுப்புத் திரையில் ஒற்றை வரி நின்றது. துவக்குவதற்கான சாதனம் எதுவும் கிடைக்கவில்லை, ஏதாவது ஒரு விசையை அழுத்தவும். ஒரு விசையை அழுத்தினேன். அதே வரி. வேறு விசையை அழுத்தினேன். அது என்னை விடப் பிடிவாதக்காரனாக இருந்தது.

பக்கத்துக் கடைக்காரன் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன். எந்தப் பொருள் கெட்டாலும் அவனிடம் ஒரே காரணம்தான் உண்டு. வந்தான், பெட்டியின் மூடியைக் கழற்றினான், முகர்ந்து பார்த்தான்.

"உப்புக்காத்து அண்ணாச்சி. நம்ம ஊர்ல இரும்பே நிக்காது, இது எங்கன நிக்கும்?"

மெமரி அட்டையைப் பிடுங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் அதன் பல்லைத் தேய்த்தான். ஊதினான். திரும்பச் செருகினான். அதே வரி வந்தது. இன்னும் கொஞ்சம் ஊதினான். உப்புக்காற்று சியையும் டியையும் ஒன்றாகச் சேர்த்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் ராத்திரி செய்த காரியத்தை அவனிடம் சொல்வதற்கு வாய் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் என் பழைய வாடிக்கையாளரான ஒரு படகுக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. வந்தவன் அவருடைய மச்சினன், அதே படகில் கூடவே கடலுக்குப் போகிறவன். கண் வீங்கியிருந்தது.

"மச்சான் போயிட்டாவ அண்ணாச்சி. நேத்து சாயந்தரம்."

முப்பது வருடம் கடலுக்குள் போய்ப் போய் முழுசாகத் திரும்பி வந்த மனுஷன், வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். போன வாரம்தான் கடை வாசலில் நின்று என்னிடம் வம்பு பேசிவிட்டுப் போனவர்.

"நாலு மணிக்குச் சர்ச்சுல அடக்கப் பூசை. அதுக்குள்ள தெருமுனையில ஃப்ளெக்ஸ் நிக்கணும். அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிவிட்டா. உங்க கடையில வச்சு எடுத்த, சிரிச்ச படந்தான் வேணுமாம். வேற எதுவும் வேண்டாங்கா."

வேறு எதுவும் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். செல்போனை யாராவது தூக்கினாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருடைய சொந்தப் போன்கள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போய்ச் சேர்ந்திருந்தன. மச்சினன் போனில் இருந்த படங்களில் ஒரு முதுகும், ஒரு காதும், முகத்தை மறைத்த ஒரு உள்ளங்கையும் கிடைத்தன. கல்யாணப் படத்தில் இருந்தவர் மீசை அரும்பிய வேறு யாரோ. மிச்சம் ஆதார் அட்டை. அதில் இருப்பதைப் போட்டால், செத்தவரைப் போலீஸ் தேடுகிறது என்று ஊர் நினைக்கும்.

அந்தச் சிரித்த படம் நான் எடுத்தது. மூன்று வருடத்துக்கு முன், புதுப் படகு இறக்கும்போது வரவேற்பு ஃப்ளெக்ஸ் வைக்க வந்தார். ஸ்டூலில் உட்கார வைத்ததும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்த மாதிரி விறைத்துக்கொண்டார். அந்நேரம் என் வேட்டியில் டீ கொட்டி நான் குதித்தேன். அவர் சிரித்தார். ஒரு கையால் வேட்டியை உதறிக்கொண்டே மறு கையால் எடுத்துவிட்டேன். அப்புறம் வழக்கம்போல் வேலையைக் காட்டினேன். முகத்தை வெள்ளையாக்கி, புருவத்தை அடர்த்தியாக்கி, மூக்கை ஒட்டி மிளகு அளவுக்கு இருந்த மருவை ஒரே தட்டில் எடுத்தேன். திரையில் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"இது எவன் அண்ணாச்சி?"

"நீங்கதாம்."

"அப்பம் நான் எவன்?"

தெருவில் ரெண்டு நாள் நின்றால் பழகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அந்த மூலப் படம் டி டிரைவில் இருந்தது. அந்த டி டிரைவைத்தான் நான் நேற்று ராத்திரி சியோடு சேர்த்து வைத்திருந்தேன்.

"கொஞ்சம் லோடு ஆகுது, இரு" என்று மச்சினனிடம் கூசாமல் புளுகினேன். பக்கத்துக் கடைக்காரன் கையில் அழிரப்பரோடு என்னை ஒரு பார்வை பார்த்தான். மச்சினன் கறுப்புத் திரையைப் பார்த்தான், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, மறைக்காதிய. மச்சான் படம் அதுக்குள்ள இருக்கா, இல்லையா?"

"தெரியலப்பா" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். திடீரென்று எழுந்தான். "அந்தப் பழைய ஃப்ளெக்ஸ் போட்ல கெடக்கு அண்ணாச்சி. எஞ்சினுக்கு மூடப் போட்டுருக்கோம். போயி எடுத்துட்டு வாரேன்." எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸ் என்றைக்கும் குப்பைக்குப் போகாது. விழா முடிந்ததும் வலைக்கும் எஞ்சினுக்கும் ஆட்டோவுக்கும் போர்வையாகிவிடும். தலைவர்கள் எல்லாம் மீன்பிடி துறைமுகத்தில் அப்படித்தான் சேவை செய்கிறார்கள்.

அவன் போனதும் பக்கத்துக் கடைக்காரன் ஒரு பென்டிரைவைச் செருகினான். நீலத் திரை வந்தது. தானாகப் பழுது பார்ப்பதாகச் சொல்லி ரொம்ப நேரம் சுற்றிவிட்டு, முடியவில்லை என்று மரியாதையாகக் கைவிரித்தது.

"பேசாம எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுருவோம் அண்ணாச்சி. ஜம்முனு ஓடும்."

"ஏலே, அழிச்சா அவரும்லா போயிருவாரு!" என்று கத்திவிட்டேன். அவன் கோபித்துக்கொண்டு தன் கடைக்குப் போனான். பென்டிரைவை விட்டுவிட்டுப் போனது அவனுடைய பெருந்தன்மை.

தனியாக உட்கார்ந்து, அந்தப் பென்டிரைவ் வழியாக டிஸ்க்கின் கட்டங்களைப் பார்த்தேன். நீளமாக ஒரே கட்டம், நான் ஆசைப்பட்டபடியே சுத்தமாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெயரில்லாத துக்கடாதான் கம்ப்யூட்டரைத் தினமும் எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தது. செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, அதில் சொன்னபடி பெரிய கட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் நறுக்கி, மறுபடியும் ஒரு துக்கடாவை உண்டாக்கி, துவக்குவதற்கான கோப்புகளை அதற்குள் எழுதச் சொல்லிக் கட்டளை அடித்தேன். அவசரத்தில் எழுத்து மாறி மாறி விழுந்தது. அது சளைக்காமல் பிழை பிழை என்றது. கடைசியில் ஒப்புக்கொண்டது. அணைத்துப் போட்டேன். எரிந்தது! டி டிரைவின் முகங்கள் எல்லாம் சிக்கு எடுக்காத வலையைப் போல ஒரே ஃபோல்டருக்குள் கிடந்தன. தேடி எடுத்தேன். படகுக்காரர் என் வேட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மச்சினன் ஃப்ளெக்ஸோடு வந்து தரையில் விரித்தான். வெயிலிலும் உப்பிலும் வெளுத்து, மடிப்பெல்லாம் கோடு விழுந்திருந்தது. முகம் மட்டும் உள்பக்கமாக மடிந்திருந்ததால் தப்பியிருந்தது. நான் வெள்ளையாக்கிய அதே முகம்தான். ஆனால் மூக்கை ஒட்டி, கறுப்பு மார்க்கர் பேனாவால் யாரோ ஒரு மருவை வைத்திருந்தார்கள். மிளகு அளவில் இல்லை, புளியங்கொட்டை அளவில்.

"இதை யாருலே வச்சது?"

அவனுக்கும் தெரியவில்லை. நான் குனிந்து இன்னொரு விஷயத்தைப் பார்த்தேன். திரையில் இருந்த மூலப் படத்தில் மரு அவருடைய வலது கன்னத்தில். ஃப்ளெக்ஸில் இடது கன்னத்தில்.

"ஒங்க மச்சானுக்கு மரு எந்தப் பக்கம்?"

அவன் தன் மூக்குக்கு இந்தப் பக்கம் தொட்டான். யோசித்து அந்தப் பக்கம் தொட்டான். எத்தனையோ வருடம் ஒரே படகில் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன். "எதுக்கும் ரெண்டையும் அக்காட்டக் காட்டிருவோம்" என்றான்.

வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் கிடந்தார். தலைமாட்டில் குருசும் மெழுகுதிரியும். பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் பார்த்தது மருவைத்தான், வலது கன்னத்தில் இருந்தது. இப்படி ஒரு நேரத்தில் இதைப் போய்ப் பார்க்கிறோமே என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் மனைவி பெட்டியின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். போனில் மூலப் படத்தைக் காட்டினேன். "இதுதான், இதுதான்" என்று அழுதார். என் வேலை முடிந்தது. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அதோடு விடாமல் மச்சினன், தன் போனில் எடுத்து வைத்திருந்த பழைய ஃப்ளெக்ஸின் படத்தையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

அழுகை நின்றது. அந்த மருவையே பார்த்தார்.

"இது அவுக வச்சதுலா" என்றார். "போட் எறக்குன அன்னைக்குக் காலைல. ஐஸ் பெட்டியில பேரெழுதுத பேனாவை எடுத்துக்கிட்டு, சவரம் பண்ணுத கண்ணாடியப் பாத்துப் பாத்து வச்சாக. பக்கம் மாறிப்போச்சு, மரு இந்தப் பக்கம்லான்னு நான் சொன்னேன். தெனம் கண்ணாடியில பாக்குத மூஞ்சி எனக்குத் தெரியாதான்னு ஒரே சண்டை. மூணு வருசமா அவுகளும் விடல, நானும் விடல அண்ணாச்சி."

கண்ணாடியில் தெரிந்த பக்கத்திலேயே படத்திலும் வைத்துவிட்டார் மனுஷன்.

"இதையே போடுங்க" என்றார்.

"பக்கம் தப்பால்லா இருக்கு தங்கச்சி? ஒரு நிமிசத்துல மாத்திரலாம்."

"மாத்தாதிய." கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தடவை பார்த்தார். "இனிம யாருகூடச் சண்டை போட? அவுகளே ஜெயிச்சதா இருக்கட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்கு வந்து, பழைய ஃப்ளெக்ஸின் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கோடுகளையும் உப்புக்கறையையும் துடைத்தேன். கை பழக்கத்தில் மரு வரைக்கும் போய், அங்கே நின்றது.

பூசைக்கு முன்னால் புது ஃப்ளெக்ஸ் அச்சாகித் தெருமுனையில் ஏறிவிட்டது. சவ ஊர்வலம் அதைத் தாண்டிப் போகும்போது, பக்கத்துக் கடைக்காரன் என் தோளில் இடித்தான்.

"அண்ணாச்சி, மரு பக்கம் மாறிருக்கே. கம்ப்யூட்டர் கோளாறா?"

அன்றைக்கு அது செய்யாத தப்பு அது ஒன்றுதான். "ஆமா, கம்ப்யூட்டர் கோளாறுதான்" என்றேன்.