அம்மாவின் பள்ளிக்கூட மணி

எங்கள் சமையலறை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை இரும்புக் கோலால் தட்டினால் வீடு பள்ளிக்கூடமாகிவிடும். நானும் தம்பியும் பின்கதவால் வெளியே போய், வீட்டைச் சுற்றி நடந்து, முன்கதவால் உள்ளே வரவேண்டும். வந்ததும் கைகட்டி நின்று "குட் மார்னிங், டீச்சர்" என்று சொல்லவேண்டும். சற்று முன்தான் எனக்குத் தலை பின்னிவிட்ட அம்மா, கோயிலுக்குக் கட்டும் சேலையில், எங்களை முன்பின் அறியாதவர் போல உட்கார்ந்திருப்பார். தம்பி சில நாள் மறந்துபோய் டீச்சரின் மடியில் ஏறிவிடுவான்.

அப்பா சிங்கப்பூருக்குப் போகும் ரயில் பாதையில், பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. சுற்றிலும் ரப்பர்க் காடு. தோட்டப் பள்ளியில் தமிழ் எழுத்தும் கொஞ்சம் கணக்கும் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் நகரத்துக்குப் போகவேண்டும். எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தன. பிள்ளைக்கு ஏழெட்டு வயதானதும் கப்பலேற்றி ஊரிலுள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். படிப்பு முடிந்து பிள்ளை திரும்பும்போது பையனென்றால் மீசை முளைத்திருக்கும், பெண்ணென்றால் மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். சிரம்பானில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த பெரியப்பா தன் மகளை அப்படித்தான் அனுப்பினார். அடுத்தது நான் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

அம்மா அப்பாவிடம் ஒரு வருடத் தவணை கேட்டார். அதுவரை தானே படிப்பிப்பதாகவும், நான் தேறாவிட்டால் மறுபேச்சில்லாமல் அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். அம்மா படித்தது ஊர் மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை. பள்ளிக்கூடம் என்றால் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதனால் மணி, வரிசை, கைகட்டு எல்லாவற்றையும் அப்படியே தூக்கிவந்து எங்கள் குவார்ட்டர்ஸில் வைத்துவிட்டார். கூடவே பயத்தையும் வைத்துக்கொண்டார். தனக்குத் தெரியாத கேள்வி ஏதாவது நான் கேட்டுவிட்டால் முகம் மாறும். எழுந்துபோய் மணியைத் தட்டி, பள்ளி முடிந்தது என்பார். நானோ வாயாடி. கேள்விகள் கூடக் கூட எங்கள் பள்ளி நேரம் குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் மழை எப்படி மேலே போகிறது என்று கேட்டு வைத்தேன். அம்மா மணியைத் தட்டினார். வீட்டை ஒட்டியிருந்த நிலையத்திலும் வண்டி வரும்போது இதே மாதிரி ஒரு தண்டவாளத் துண்டைத்தான் தட்டுவார்கள். அன்று பகல் வண்டி தாமதம். கூட்ஸ் கொட்டகை நிழலில் படுத்திருந்த தோட்டத்துச் சனம் மூட்டைகளை அள்ளிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடியது. கோழியோடு வந்த ஓர் அம்மாள், "அலமாக்! மணி அடிச்சாச்சு, ரயில காணோமே ஐயா!" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்ட கையோடு கோட்டை மாட்டிக்கொண்டு வந்த அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அன்றே தண்டவாளத் துண்டு கீழே இறங்கியது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "ஆழம் தெரியாமல் காலை விட்டிட்டன்" என்று அழுதார். நானும் சேர்ந்து அழுதேன். எனக்குக் கப்பல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மணி போனதோடு அம்மாவுக்கு ஓடி ஒளிய இடமில்லாமல் போயிற்று. மறுநாள் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தவரிடம் அதே மழைக் கேள்வியைத் திரும்பக் கேட்டேன். சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை நான். அம்மா வெறுங்கம்பி தொங்கிய வாசலைப் பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரியேல்லை பிள்ளை. கொப்பர் தேத்தண்ணி குடிக்க வரட்டும், ரெண்டு பேருமாக் கேப்பம்" என்றார். கேட்டோம். அப்பாவுக்குப் பாதிதான் தெரிந்தது. மீதியை அவர் வண்டியில் வந்த ஒரு டாக்டரிடம் விசாரித்து வந்து சொன்னார். அன்றிலிருந்து நல்ல சேலை பெட்டிக்குள் போய்விட்டது. வண்டி தாமதமானால் அது கழித்தல் கணக்கு. பழைய இங்கிலீஷ் பேப்பர் எங்கள் பாடப்புத்தகம். அம்மாவும் என்னோடு எழுத்துக்கூட்டி வாசித்தார். பல நாள் நான்தான் முந்தினேன். அப்போதெல்லாம் அவருக்குப் பெருமை தாங்காது.

தவணை முடியும் சமயம், ஊருக்குக் கப்பலேறச் சிங்கப்பூர் போகும் வழியில் பெரியப்பா இறங்கினார். போகும்போது என்னையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு. புருஷனின் அண்ணன் முன்னால் வந்து நின்று பேசும் வழக்கம் அம்மாவுக்கு இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார். பெரியப்பா பேப்பரை நீட்டினார், வாசித்தேன். கணக்குக் கேட்டார், சொன்னேன். கடைசியில், "லண்டன் எந்த ஆத்தங்கரையிலை இருக்கு, சொல்லு பாப்பம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. "பாத்தியே தம்பி, வீட்டுப் படிப்பு இவ்வளவுதான்" என்று அப்பாவிடம் சிரித்தார்.

திரைச்சீலை விலகியது. அம்மா வெளியே வந்தார். குரல் நடுங்கினாலும் பேச்சு நிற்கவில்லை. "குறை நினையாதேங்கோ. அது நாங்கள் இன்னும் படிக்கேல்லை. எனக்கும் தெரியாது. இண்டைக்கு அறிஞ்சு நாளைக்குச் சொல்லிக் குடுப்பன். அதுக்காகப் பிள்ளையைக் கப்பல் ஏத்தேலாது."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா மேசையைப் பார்த்தபடி, "நான் பிள்ளைக்கு டிக்கெட் வெட்டேல்லை, அண்ணை" என்றார். அன்று பிற்பகல் வண்டியில் பெரியப்பா தனியாகப் போனார்.

பிறகு அப்பா குளுவாங் நகரத்துக்கு மாற்றலாகிப் போக, அங்கே இங்கிலீஷ் பள்ளியில் சேர்ந்து, நானும் ஓர் ஆசிரியை ஆனேன். ஆனால் அம்மா எனக்குத் தந்தது என்னவென்று பெரியம்மாவின் மரண வீட்டில்தான் புரிந்தது. ஊரிலேயே வளர்ந்து திரும்பிய பெரியப்பாவின் மகள் கண்ணீர் இல்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் அழுகினம். எனக்கு வரேல்லையடி. அம்மா நல்ல மனுசி எண்டு தெரியும். அதுக்கு மேலை ஒண்டும் தெரியாது" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது என் அம்மாவும் இல்லை. அவர் போன அன்று, பேரப்பிள்ளைகள் எடுத்த என்னை யாராலும் தேற்ற முடியவில்லை. அந்த அழுகைக்கும் நான் அம்மாவுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.