பதினான்கு வேகன்களும் சிவப்பு அம்பும்

நான் சாயப்பட்டறை லேபில் கலர் பார்க்கிறவன். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்புகிற துண்டுத் துணியில் என்ன கலர் இருக்கிறதோ, அதே கலரை எங்கள் துணியில் கொண்டுவர வேண்டும். இருபது வருஷமாக இதே வேலைதான். என் மனைவி முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வந்த பீஸை மேசையில் விரித்துப் போட்டு, நூல் தொங்குகிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். குறை இருக்கிற இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள்.

கம்பெனியில் ஒட்டுவதோடு நின்றால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? அந்த ஸ்டிக்கர் தாள் அவள் கைப்பையிலேயே வீட்டுக்கும் வந்துவிடும். நான் மடித்த போர்வையில் ஒட்டியிருக்கிறாள். நான் அடித்த ஆணியின் பக்கத்தில், சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆசையாகத் தோசை வார்த்துக் கொடுத்தால், கருகின பக்கத்தைக் காட்டித் தட்டின் விளிம்பில் ஒரு அம்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரு காரியமாவது அம்பு இல்லாமல் தப்பியதாக எனக்கு ஞாபகமில்லை. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

இப்படி இருக்கையில்தான் ரயில் வந்தது. எங்கள் கம்பெனியிலிருந்து வெளிநாட்டுக்குக் குடிபோன, ஆர்டர் பார்த்துக்கொண்டிருந்த மெர்ச்சண்டைசர் ஒருவர், கொண்டுபோக முடியாது என்று ஒரு பெட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். திறந்து பார்த்தால் கையகல இன்ஜின் ஒன்று, பதினான்கு சரக்கு வேகன்கள், மூட்டை நிறையத் தண்டவாளம். ஐம்பது வயதில் எனக்குப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான். மகள் கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போனபின் ராயபுரத்து வீட்டில் மாடியறை சும்மா கிடந்தது. அங்கே இடுப்புயர மேசை ஒன்றைப் போட்டுத் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டினேன்.

ஆனால் அந்த அறை சும்மா கிடக்கவில்லையாம். மனைவி கதவில் சாய்ந்து நின்று சொன்னாள்: "ஏனுங்க, நான் எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்றனுங்க. சன்னலோரமா ஒரு பாயைப் போட்டு, காலைத் தூக்கிச் செவுத்துல வெச்சுட்டு, அரை மணி நேரம் ஒருத்தரும் கூப்படாமக் கெடக்கோணும். அதுக்குத்தான் இந்த ரூமை நெனச்சு வெச்சிருந்தேன்."

அவள் கேட்டது நியாயம். நியாயமான பேச்சுக்குப் பதில் இல்லாதபோது என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். கத்தினேன். ஒரு மனுஷன் ஆசைப்பட்டு ஒரு பொம்மை ரயில் விடக்கூடாதா, இந்த வீட்டில் எனக்கென்று ஒரு மூலை உண்டா என்று பொரிந்து தள்ளினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, பையருக்குத் தேதி கொடுக்கிற குரலில் சொன்னாள்.

"செரிங்க. ரெண்டு மாசம் டைம். பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கெழமை ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். நாந்தேன் இன்ஸ்பெக்டர். பாஸாச்சுன்னா ரூமு ரயிலுக்கு. இல்லீன்னா எல்லாத்தையும் அட்டாலிக்கு ஏத்திருங்க, நான் பாயை விரிச்சுக்கறேன்."

தோசைக்கே அம்பு ஒட்டுகிறவளிடம் ரயிலைப் பாஸ் பண்ண வேண்டும். பாஸாகாவிட்டால் ரயில் பரணில்தான்.

வேகன்கள் வேறு மஞ்சளும் நீலமுமாக, புரியாத மொழியில் எழுத்துகளோடு இருந்தன. நம் ஊர்ச் சரக்கு வண்டி அப்படியா இருக்கும்? செங்கல்லும் துருவும் கலந்த ஒரு பழுப்பு. அந்தப் பழுப்பு சரியாக வர வேண்டும் என்பதுதான் என் ஒரே வெறி. கலர்க்காரன் வீட்டு ரயில் கலரில் தோற்றால் நான் தூக்கில்தான் தொங்க வேண்டும். தின்னர் ஊற்றிப் பழைய பெயிண்டைச் சுரண்டினேன். பிறகு லேபிலிருந்து ஷேட் கார்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். நூற்றுக்கணக்கான கலர்த் துணித்துண்டுகளை நம்பர் போட்டு ஒட்டியிருக்கும் புத்தகம் அது. நின்றுகொண்டிருந்த சரக்கு ரயில் ஒன்றின் வேகனில் ஒவ்வொரு துண்டாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கையில் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"கலர் பாக்கறனுங்க. வேகனுக்குப் பெயிண்ட் அடிக்கோணும்."

அவர் அந்த நீளமான ரயிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீங்களா?"

"ஆமாங்க. பதினாலு வேகனுங்க."

"காண்ட்ராக்டா?"

"இல்லீங்க. ஊட்டுல."

ஸ்டேஷன் ரூமுக்கு வா என்றால் மனைவிக்கு எந்த வாயால் போன் பண்ணுவது? ஆனால் அவர் கண் அதற்குள் ஷேட் கார்டுக்குப் போயிருந்தது. புத்தகத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் புரட்டினார். "நீங்க புடிச்சிருக்கறது வராதுங்க. இதா, இதுக்கு அடுத்தது. இன்னுஞ் சித்தெ செவப்பு ஏறோணும்" என்றார். இந்த ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஷேட் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அவர் காட்டின துண்டுதான் சரியாக இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் லேபில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பெயிண்டைக் கலந்தேன். கலர் ஒத்துப்பார்க்க எங்களிடம் ஒரு லைட் பெட்டி உண்டு. ஒரு பொத்தானை அமுக்கினால் வெயில் வெளிச்சம் வரும். இன்னொன்றை அமுக்கினால் வெளிநாட்டுத் துணிக்கடையில் எரிகிற ட்யூப்லைட்டின் வெளிச்சம். எங்கள் பெரிய பையர் எப்போதும் கடை வெளிச்சத்தில்தான் பார்க்கச் சொல்வார். இருபது வருஷப் பழக்கம், விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போனது. துணித்துண்டையும் பெயிண்ட் அடித்த அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அடடா, ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. அடுத்த பொத்தானுக்குக் கை போகையில் மேனேஜர் உள்ளே வந்தார்.

"எந்தப் பையருங்க இது?"

"புது பையருங்க."

"எந்த நாடு?"

"உள்ளூருங்க."

"குவான்டிட்டி?"

"பதினாலு பீஸுங்க."

"ஓ, சாம்பிளா? பாத்து நல்லாப் பண்ணிக் குடுங்க, பெரிய ஆர்டரா வரட்டும்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் லைட்டை அணைத்துவிட்டு அட்டையைப் பைக்குள் சொருகினேன். வெயில் பொத்தானை அமுக்காமலே விட்டுவிட்டேன். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூடச் செய்யமாட்டாத தப்பு அது.

தூசி ஒட்டாமல் இருக்கச் சன்னலை அடைத்தே வைத்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் வேகன்களுக்கு இரண்டு கோட் அடித்து, மாடியறைக் கொடியில் துணி கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்கவிட்டேன். காய்வதற்குள் ஊரை உருவாக்க வேண்டும். திருப்பூரில் இருந்துகொண்டு அதற்காகக் கடைக்குப் போனால் கேவலம். நிட்டிங் மிஷினுக்கு அடியில் சேரும் பஞ்சைப் பச்சைச் சாயத்தில் முக்கிக் கம்பியில் சுற்றினால் மரம். டி-சர்ட் காலருக்குப் போடும் வரிவரியான ரிப் துணியைப் பழுப்பாக்கி விரித்தால், சேவூர்ப் பக்கம் இப்போதுதான் உழுது விட்ட காடு. தலைகீழாக ஒட்டின நூல் கோன்தான் தண்ணீர்த் தொட்டி.

மலைதான் என் மானத்தை வாங்கியது. மெல்லிசான பனியன் துணியைப் பிளாஸ்டர் கரைசலில் நனைத்து, கசக்கின பேப்பர்மேல் போர்த்தி, குகைக்கு ஒரு ஓட்டை விட்டேன். அற்புதமான மலை. காலையில் வந்து பார்த்தால் மலையடிவாரம் முழுக்கச் சுருண்டுகொண்டு தண்டவாளத்தின்மேல் ஏறி நிற்கிறது. பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருளும். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் மறந்துவிட்டது. இன்ஜின் அந்தச் சுருளில் ஏறிக் கவிழ்ந்தது. நானும் எதையெதையோ எடுத்து எறிந்தேன்.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். மலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஹெம் அடிக்கலீங்களா?"

"மலைக்கு யாராச்சும் ஹெம் அடிப்பாங்களா அம்மிணி?"

"பனியன் துணியில மலை செஞ்சா அடிச்சுத்தேன் ஆகோணும்" என்றாள். இன்னொரு துண்டை எடுத்துப்போய், ஓரத்தை மடித்து, வீட்டுத் தையல் மிஷினில் தைத்துக்கொண்டு வந்தாள். அதைப் பிளாஸ்டரில் நனைத்துப் போர்த்தியபோது ஓரம் சொன்னபடி படிந்தது. ஓரம் அடித்துத் தைத்த மலை உலகத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும். "இது ஹெல்ப்புங்க. இன்ஸ்பெக்‌ஷன்ல இதைய ஞாபகம் வெச்சுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கீழே போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மூக்குக் கண்ணாடியும் ஸ்டிக்கர் தாளுமாக மாடியேறினாள். நான் குளித்துத் திருநீறு பூசி நின்றேன். குமிழைத் திருகினேன். ரயில் கிளம்பியது. காட்டைச் சுற்றி, தொட்டியைத் தாண்டி, குகைக்குள் நுழைந்து, மறுபக்கம் பதினான்கு வேகனும் ஒன்று குறையாமல் வந்தது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் அந்தப் பழுப்பு இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. எனக்கே என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அவள் ரயிலை நிறுத்தச் சொன்னாள். கடைசி வேகனை எடுத்தாள். செக்கிங்காரிக்கு ட்யூப்லைட்மேல் என்றைக்கும் நம்பிக்கை கிடையாது. நேராக மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் பிடித்தாள்.

கத்தரிக்காய். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தையில் கூடையில் கிடக்குமே, அந்த ஊதாக் கத்தரிக்காய். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு கலர் இன்னொரு வெளிச்சத்தில் பல்லிளிக்கும் என்று வருஷா வருஷம் புதியவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். மானம் போய்விட்டது. கீழே வந்து பதினான்கு வேகனுக்கும் ஆளுக்கொரு அம்பு ஒட்டினாள். ரயில் ஆடின இடத்தில் ஒன்று, சாய்ந்த மரத்துக்கு ஒன்று. தாளே தீர்ந்துவிட்டது.

எங்கள் சாயப்பட்டறையில் இரண்டே பேச்சு: பாஸ், இல்லை ஃபெயில். நான் அட்டைப்பெட்டியை எடுத்து வந்தேன். மரங்களைப் பிடுங்கி ஒவ்வொன்றாக உள்ளே போட்டேன். ஒரு பொம்மை ரயிலுக்காக ஐம்பது வயது ஆள் அழுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"அட்டாலிக்கு ஏத்தறேன். ரிஜெக்ட்தான?"

"ஆரு ரிஜெக்ட்னு சொன்னது?"

"இத்தனை அம்பு ஒட்டியிருக்க?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அட சாமீ, தூக்கிப் போடற பீஸுக்கு ஆராச்சும் ஸ்டிக்கர் ஒட்டுவாங்களா? அதைய அப்படியே எடுத்து டப்பாவுல எறிஞ்சுட்டுப் போயிருவோம். சரி பண்ணி வெச்சுக்கலாம்ங்கற பீஸுக்குத்தானுங்க அம்பு. ஆல்டரேஷன். இத்தன வருசம் எங்கூட இருக்கறீங்க, இது தெரியாதுங்களா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. போர்வை, ஆணி, தோசை எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்து கண்ணில் நீர் முட்டியது. தின்னர் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

"அப்ப ரூமு?" என்றேன்.

அவள் கீழே போய்ப் பாயோடு வந்தாள். மேசைக்கு அடியில், சன்னல் பக்கமாக விரித்துப் படுத்துக் காலைத் தூக்கிச் சுவரில் வைத்தாள். "மேல ரயிலை உடுங்க. ஆனா அரை மணி நேரம் என்னையக் கூப்படக் கூடாது" என்றாள். நான் ரயிலை விட்டேன். அது அவள் தலைக்குமேல் கத்தரிக்காய்க் கலரில் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ரயில் சத்தத்தையும் மீறிக் குறட்டை கேட்டது.

மறுநாள் வேலைக்குப் போனேன். சாயமேற்றும் மிஷின் ஓட்டுகிற பீகார்க்காரர் ஒருவர், முன்பு பனியன் கம்பெனியில் இருந்தவர், என் பின்னாலேயே வந்து கூப்பிட்டார். "சார், சார். உங்க முதுகு ஆல்டர்."

சட்டைக் காலருக்குக் கீழே ஊதாப் பெயிண்ட் கறையாம். அதைக் காட்டி ஒரு சிவப்பு அம்பாம். காலையில் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தவள் வேலை. அவர் பிய்க்கக் கையை நீட்டினார்.

"வேண்டாங்க, இருக்கட்டும்" என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை முதுகில் அந்த அம்போடுதான் வேலை பார்த்தேன்.