ஒரு "அப்பா"வுக்காக மானிப்பாய் போனோம்

மதுரா, கபிலன்,

சனிக்கிழமை பின்னேரம் நானும் உங்கள் தங்கச்சி அபியும் வந்து இறங்கினவுடனே நீங்கள் இரண்டு பேரும் ஓடிவந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "அப்பா, அபி சொன்னவளோ?" நான் "இல்லை" என்றுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அது முழுப் பதில் இல்லை. வாயால் சொல்ல எனக்கு வராது, எழுதினால் ஒருவேளை வரும். நான் ஓ.எல். வரை படித்தவன். எழுத்துப்பிழை கிடந்தால் மதுரா திருத்திப் படிக்கட்டும்.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள் மேல் பொறாமை. உங்கள் தங்கச்சிக்கு மூன்றரை வயது. டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சுப் பிந்தித்தான் வரும் என்று டொக்டர் அப்போதே சொன்னவர். பிந்தித்தான் வந்தது. வந்தபோது அம்மாவுக்கு ஒரு "ம்மா" கிடைத்தது. மதுராவுக்கு "க்கா". கபிலனைக் கண்டால் "ண்ணா". பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட ஒரு சத்தம் வைத்திருக்கிறாள். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. நீங்கள் அதைச் சொல்லிச் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரிப்பேன். பிறகு பட்டறைக்குள் போய், பழுதில்லாத தண்ணி இறைக்கிற மெசினையும் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பேன்.

மானிப்பாயில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, வளர்ச்சி பிந்திய பிள்ளைகள் எப்படிக் கதைக்கத் தொடங்குகிறார்கள் என்று ஆய்வு செய்கிறார்கள். போன மாதம் அபியை அம்மா கூட்டிக்கொண்டு போனவ. இந்த முறை அப்பாமார்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கெட்டிக்கார ஆட்கள், பிள்ளையின் வாயைத் திறக்கவைப்பார்கள், எனக்குரிய சொல்லை வாங்கிக்கொண்டுதான் திரும்புவது என்று நினைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

காலை ஆறரை. அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் வேண்டாம் என்று அம்மா சொன்னதால், உடுப்பிட்டிச் சந்தி வரைக்கும்தான் அதில் போனோம். அபி வழக்கம்போல முன்னுக்கு, பெற்றோல் டாங்கியின் மேல் இருந்தாள். அவளுடைய தலைமயிர் என் நாடியில் உரசும். மற்றப்படி அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளைத் தெரிந்த கடையில் விட்டுவிட்டு, வல்வெட்டித்துறையிலிருந்து வந்த மினிபஸ்ஸில் ஏறினோம். யாழ்ப்பாணத்துக்கு இருபத்தைந்து கிலோமீற்றர், நூற்றுப்பத்து ரூபா.

"உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்கு வெறுமையாக் கிடக்கு!" என்று கொண்டக்டர் கத்தினான். உள்ளே ஒரு குடையைச் சாத்தி வைக்கவும் இடமில்லை. பிள்ளையைக் கண்டு ஒரு அக்கா எழும்பி யன்னல் பக்கம் இடம் தந்தா.

வல்லை வெளிக்கு வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் மின்னிக்கொண்டு கிடந்தது, கொக்குகள் கூட்டமாக நின்றன. அபி "ஆ!" என்று கையை நீட்டினாள். நீட்டிவிட்டுக் கழுத்தைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளின் நாடியைப் பிடித்து யன்னல் பக்கம் திருப்பினேன். "அங்கை பார் குஞ்சு, கொக்கு. என்ரை மூஞ்சியிலை என்ன கிடக்கு?" மறுபடியும் நீட்டினாள், மறுபடியும் திரும்பினாள். நானும் மறுபடி திருப்பிவிட்டேன்.

"அண்ணை, பிள்ளைக்குக் கொக்கைவிட உங்களைத்தான் பிடிச்சிருக்கு" என்றான் கொண்டக்டர்.

"பிடிச்சிருந்தா அப்பா எண்டு ஒருக்காக் கூப்பிடட்டுமன்" என்றேன். அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

ஆவரங்கால், புத்தூர் தாண்டி, நீர்வேலியில் வாழைத்தோட்டங்கள், பிறகு கோப்பாய். எட்டு மணிக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையம். அபிக்கு ஒரு பணிஸ், எனக்கு ஒரு பிளேன்ரீ. அங்கிருந்து ஆனைக்கோட்டையால் போகிற பஸ்ஸில் இன்னும் எட்டுக் கிலோமீற்றர். ஒன்பது மணிக்கு முன்னமே அந்த வீட்டு வாசலில் நின்றோம்.

விறாந்தையில் எங்களுக்கு முதலே ஒருவர் மகனோடு இருந்தார். குருநகர் ஆள், பெயர் யேசுதாசன், கடற்தொழில். மகன் நிரோவுக்கு நாலு வயது. "எங்கையிருந்து அண்ணை?" என்று கேட்டார்.

"உடுப்பிட்டி."

"வடமராட்சியோ! அதுதான் ஒரு கேள்விக்கு ஒரு சொல்லு. இரண்டு சொல்லுச் சொன்னாக் குறைஞ்சுபோவியளோ?"

நான் பதில் தேடுவதற்குள் அந்தப் பொடியன் வாயைத் திறந்தான். "அப்பா!" கோயில் மணி மாதிரி. ஒரு எழுத்துக் குறையவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "அப்பா!"

பிள்ளைகளே, வயிற்றுக்குள் கொள்ளிக்கட்டையைச் செருகினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அந்த மனுசன் அதைப் பெரிதாக எடுத்ததாகவே தெரியவில்லை, ரெலிபோனைத் தோண்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒருக்கால் கிடைத்தால் ஊருக்கே சர்க்கரைத்தண்ணி கொடுப்பேன் என்று நினைத்தேன். நிரோவிடம் ஏதாவது குறை இருக்குமா என்று தேடினேன். மூக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. நான் எவ்வளவு கேவலமாகப் போய்விட்டேன் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

ஆய்வு செய்கிறவ தர்சினி மிஸ், சின்ன வயதுதான். ஒரு பெரிய அறை. நிலத்தில் பாய், அதன்மேல் விளையாட்டுச் சாமான், மூலையில் கமரா. "உது சோதினை இல்லை, பயப்பிடாதேங்கோ. வீட்டிலை விளையாடுற மாதிரி விளையாடுங்கோ, அது போதும்" என்றா. முதலில் நிரோவின் முறை. அவன் ஒரு கார்ச் சில்லைச் சுற்றிக்கொண்டேயிருந்தான். தகப்பன் கூப்பிட்டார், கைதட்டினார். அவன் நிமிரவில்லை. இடைக்கிடை "அப்பா!" என்று மட்டும் சொன்னான். ஒவ்வொரு தடவையும் எனக்குக் குத்தியது.

பிறகு எங்கள் முறை. யேசுதாசன் சுவரோரம் மகனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் சிவப்புப் பஸ் ஒன்றை எடுத்து உயரத் தூக்கினேன். "அப்பா எண்டு சொல்லு, தாறன்." அபி பஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். "அப்-பா. சொல்லு குஞ்சு." அவள் சுவரில் எதையோ கண்டுவிட்டு "ஆ!" என்று கையை நீட்டினாள். பல்லி. நீட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். பல்லியைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். நான் பஸ்ஸை ஆட்டினேன். "பல்லி கிடக்கட்டும், அப்பா எண்டு சொல்லு." அந்த நேரம் பார்த்துப் பல்லி சொன்னது. என் பிள்ளை சொல்லவில்லை.

அறைக்குள் மிஸ் ஏதோ குறித்துக்கொண்டேயிருந்தா. முடிந்ததும் கேட்டேன். "அவ ஒண்டும் கதைக்கேல்லையே மிஸ், பிறகு என்னத்தைக் குறிச்சனியள்?"

"அவ உங்களைப் பார்க்கிறதைத்தான். ஒண்டைக் காட்டிப்போட்டு, நீங்களும் அதைப் பார்த்தியளோ எண்டு திரும்பிப் பார்க்கிறா. சொல்லு வாறதுக்கு முதலே பிள்ளையள் இப்பிடித்தான் கதைக்கத் தொடங்குவினம். உதுதான் நாங்கள் படிக்கிற விசயம்."

"அப்பா எண்டு எப்ப சொல்லுவா?"

"அது எனக்குத் தெரியாது அப்பா. தெரியுமெண்டு சொன்னாப் பொய்."

இரண்டு பஸ் ஏறி வந்தது, என் பிள்ளை என்னைப் பார்க்கிறாள் என்று கேட்கவா என்று எனக்குச் சினம் வந்தது. அபியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பதினொரு மணி. எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக்கடையில் யேசுதாசன் என் பக்கத்தில் வந்து இருந்தார். நிரோ கடை வாசலில் தொங்கிய வாழைக்குலையைப் பார்த்து "அப்பா!" என்றான்.

"உங்கடை மகன் நல்லாக் கதைக்கிறான்" என்றேன்.

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "வாழைக்குலைக்கும் அப்பா, ஃபானுக்கும் அப்பா, மாதா கோயில் கதவுக்கும் அப்பா. அவன் என்னைக் கூப்பிடேல்லை அண்ணை. ஒரு சத்தம் பிடிச்சுக்கொண்டுது, அவ்வளவுதான். உங்கடை பிள்ளை ஒரு பல்லியைக் கண்டதுக்கு எத்தினை தரம் உங்களைத் திரும்பிப் பார்த்தவ! நான் கடலாலை வந்து இறங்கேக்கை என்ரை பெடி ஒருக்கா நிமிர்ந்து பார்த்தாப் போதும். சத்தியமாச் சொல்லுறன், உள்ளை உங்களைப் பார்க்க எனக்கு எரிச்சல் எரிச்சலா வந்தது. நீங்களெண்டா அந்தப் பஸ்ஸை ஆட்டிக்கொண்டு நிக்கிறியள்!"

என்னைப் பார்த்தும் ஒருவர் எரிகிறார் என்றதில் முதலில் ஒரு இனிப்பு. அடுத்த நொடியே வெட்கம். இவ்வளவு நேரமும் நான் அந்தப் பொடியனின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன். லேஞ்சியை எடுத்து நிரோவின் மூக்கைத் துடைத்துவிட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. "அப்பா!" என்றான்.

"பாத்தியளோ, உங்களுக்கும் கிடைச்சிட்டுது" என்று யேசுதாசன் சிரித்தார். அவருடைய கண் சிரிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அபியைப் பக்கவாட்டாக மடியில் இருத்தினேன். வல்லை வெளியில் அவள் கையை நீட்டினாள். திரும்பினாள். இந்த முறை நான் அவளைத் திருப்பிவிடவில்லை. "ஓம் குஞ்சு, கண்டனான், கொக்கு" என்றேன். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. உடனே இன்னொன்றைக் காட்டினாள், ஒரு மாடு. பிறகு ஒரு மின்கம்பம். உடுப்பிட்டி வருமட்டும் அவள் காட்ட நான் பார்த்தேன்.

ஆனால் சந்தியில் இறங்கி மோட்டார் சைக்கிளில் ஏறியதும் பழையபடி தலைமயிர்தான். அவள் எதையோ காட்டினாள், என்னைத் திரும்பிப் பார்க்க முயன்றாள், கழுத்து எட்டவில்லை. வீட்டுக்கு வந்தால் வாசலில் நீங்கள். "க்கா! ண்ணா!" நான் கிணற்றடிக்குப் போனதற்கு அதுதான் காரணம். உங்கள் மேல் உள்ள பொறாமை இன்னும் போகவில்லை. அந்தச் சொல் எனக்கு இன்னும் வேண்டும்.

கபிலன், ஞாயிற்றுக்கிழமை உன் பந்தைக் காணவில்லை என்று தேடினாயல்லவா? அம்மா உங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போன நேரம் நான்தான் எடுத்தேன். மோட்டார் சைக்கிளின் டாங்கிமேல் ஒரு தலையணையை வைத்து, அதற்குமேல் பந்தை அபியின் தலை வருகிற உயரத்துக்கு வைத்தேன். வலப்பக்கக் கண்ணாடி றோட்டைப் பார்க்க இருக்கட்டும். இடப்பக்கக் கண்ணாடியின் நட்டை ஸ்பானரால் இளக்கி, கண்ணாடியை உள்ளுக்குத் திருப்பினேன். ஏறி இருந்து பார்த்தேன், பாதிப் பந்துதான் தெரிந்தது. இறங்கி இன்னும் கொஞ்சம் சரித்தேன். முழுப் பந்தும் தெரிந்தது.

பிறகு பந்தை எடுத்து வைத்துவிட்டு நட்டை இறுக்கினேன்.