மும்முனை இணைப்பும் என் கால அட்டவணையும்

ஆசிரியப் பணிக்கு ஓய்வு உண்டு. பழைய வீட்டுக்குச் சொந்தக்காரராக இருக்கும் பணிக்கு அது கிடையாது. அப்பணியில் என்னைப் போலவே அல்லலுறும் அன்பர்கள், தம் வீட்டுக்கு ஒருமுனை மின்சாரம் போதுமா, மும்முனை வேண்டுமா என்று தயங்கிக்கொண்டிருந்தால், கள்ளிக்குப்பத்தில் நான் தயங்கியதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

கருகிய கட்டை

எங்கள் வீட்டைக் கட்டியபோது நான்கு விளக்குகளும் இரண்டு மின்விசிறிகளும் இருந்தன. அவற்றுக்காக இழுத்த ஒருமுனை இணைப்பிலேயே பின்னர் மோட்டார், கிரைண்டர், மாடியில் குடியிருப்போரின் ஏ.சி. எல்லாம் ஏறிக்கொண்டன. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது ஆண்டுகள் லேத் ஓட்டிய என் கணவருக்கு நுரையீரல் பழுதானது. அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து, அவர் கட்டிலருகே வைத்தோம். வைத்த வாரத்திலேயே இரண்டு முறை ஃபியூஸ் போயிற்று. எலக்ட்ரீஷியன் ஏழுமலை வந்தார். கருகிய ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என் மூக்கருகே நீட்டினார்.

“மோந்து பாருங்க டீச்சரம்மா. த்ரீ பேஸுக்கு எழுதிப் போடுங்க. இன்னிக்கு கட்ட வெந்துகீது, நாளிக்கு ஊடே வேவும்.”

மாடி வீட்டின் ஐயம்

நான் எழுதிப் போடவில்லை. நாற்பத்தைந்து மாணவியரை ஒரே அறையில் சண்டையின்றி அமர்த்தியவளுக்கு, நான்கைந்து கருவிகளை ஒழுங்குபடுத்தவா தெரியாது? ஒரு வெள்ளைத் தாளில் கோடிட்டேன். மோட்டார் காலை ஆறு முதல் ஆறரை வரை, கிரைண்டர் பத்து மணிக்கு, மாடி ஏ.சி. மதிய உணவுக்குப் பிறகு. கீழே சிவப்பு மையில், “பெரிய கருவிகள் இரண்டு ஒரே நேரத்தில் இயங்கலாகாது” என்று எழுதி அடிக்கோடிட்டு, மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஆக்சிஜன் கருவியை அதில் சேர்க்கவில்லை. ஓயாமல் ஓட வேண்டிய ஒன்றுக்கு நேரம் குறிப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

மாடியில் குடியிருக்கும் கவிதா வீட்டிலிருந்தபடியே கணினி வேலை பார்க்கும் பெண். அட்டவணையை முழுவதும் படித்துவிட்டு, முகத்தில் சிரிப்பு தெரியாமல் கேட்டாள்:

“ஆன்ட்டி, திடீர்னு ஒருநாள் சாயங்காலம் மாவு அரைக்கணும்னா லீவ் லெட்டர் குடுக்கணுமா?”

ஏழுமலையின் மதிப்பீடு

இரண்டு மாதங்கள் ஃபியூஸ் போகவேயில்லை. வேறு வேலையாக வந்த ஏழுமலையை அழைத்து, அட்டவணையை நானே காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. அவர் தலையைச் சாய்த்து வரிவரியாகப் படித்தார்.

“கையெழுத்து சும்மா அச்சு மாதிரி கீது டீச்சரம்மா. ஒயருக்குத்தான் படிக்கத் தெரியாது.”

ஆறு மணிக்கும் ஆறரை மணிக்கும் இடையில்

காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு நான் பால் வாங்கப் போவது வழக்கம். ஒருநாள் பால் வண்டி வரவில்லை. போன வேகத்தில் திரும்பினேன். என் கணவரின் அறையில் கருவியின் ஓசை கேட்கவில்லை. சுவிட்ச் அணைந்திருந்தது. மூக்கில் இருக்க வேண்டிய குழாய் கட்டில் கம்பியில் மடித்து மாட்டப்பட்டிருந்தது. அவர் இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி, வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். உதடுகள் நீலம் பூத்திருந்தன.

கருவியைப் போட்டுக் குழாயை மாட்டிவிட்டு, ஓடிப் போய் மோட்டாரை நிறுத்தினேன். அவருக்குப் பேச்சு வர வெகுநேரமாயிற்று. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். அட்டவணை ஒட்டிய மறுநாள் முதல் என்றார். தொழிற்சாலையில் இயந்திரத்தின் மேல் எழுதியிருந்ததை ஒருநாளும் மீறாதவர் அவர். திக்கித் திக்கி, சிரிக்கவும் முயன்றார்.

“ரெண்டு பெரிய மிஷின் ஒண்ணா ஓடக்கூடாதுன்னு நீதானே டீச்சர் செவப்பு மையில எழுதினே? தண்ணி எல்லாருக்கும் வேணும். எனக்கு அரை மணி தானே.”

மூன்று முறை கேட்ட கேள்வி

அட்டவணையைக் கிழித்தேன். அன்றே மும்முனை இணைப்புக்கு விண்ணப்பம் கொடுத்தேன். அன்றிலிருந்து மோட்டார் ஓடும்போது மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கருவி ஓடுகிறதா என்று பார்த்தபடி அவர் பக்கத்திலேயே அமர்ந்திருந்தேன். விண்ணப்பத்தின் பேரில் ஆட்கள் வந்து வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

அந்த அரை மணிகள்தான் காரணமா என்று மருத்துவரை மூன்று முறை கேட்டேன். இரண்டு முறை நுரையீரலின் படத்தைக் காட்டி விளக்கினார். மூன்றாம் முறை பேனாவை மூடி வைத்தார்.

“நோய் முத்திப் போச்சும்மா. அதனாலதான்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. இல்லவே இல்லைன்னு சொல்லவும் இல்ல.”

கட்டிலருகே

காரியங்கள் முடிந்த வாரத்தில், மீட்டர் மாற்ற வருகிறோம் என்று மின்வாரியத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். இனி எதற்கு ஆன்ட்டி, வேண்டாமென்று சொல்லிவிடலாமே என்றாள் கவிதா. அறிவுக்கு அதுதான் சரி. ஆனால் கேட்கவே தாமதித்தவள், கேட்டதைத் திரும்பப் பெறவும் வேண்டுமா என்று ஒரு பகல் முழுவதும் யோசித்தேன். வரச் சொன்னேன்.

புதிய பெட்டி, புதிய மீட்டர், தடித்த கம்பிகள். வீட்டுக்குள் செய்யவேண்டியவற்றை ஏழுமலை இரண்டு நாட்களில் முடித்து, என் கணவரின் அறைக்கு என்னை அழைத்தார். ஆக்சிஜன் கருவியை வாடகைக்காரர்கள் முன்பே எடுத்துப் போய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. அதற்கு நேர் மேலே, சுவரில், பளபளவென்று ஒரு புதிய பிளக் பாயின்ட். ஏழுமலை என் முகத்தைப் பார்க்காமல் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார் மிஷினுக்குன்னு ஒரு லைன் தனியா இழுத்துட்டேன் டீச்சரம்மா. கை தானா போட்டுடுச்சு. அதுல இப்ப இன்னா மாட்டட்டும்?”

தேவை இருந்தபோது தயங்கி, தேவை தீர்ந்தபின் வாங்கினேன் என்பதைத் தவிர, எங்கள் வீட்டு மும்முனை இணைப்பில் இன்றுவரை ஒரு பழுதும் இல்லை, அன்பர்களே.