எட்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல்

காலை ஏழு மணிக்கு மருத்துவமனைத் தராசில் மரியஜோசப்பின் எடை அறுபத்தாறு கிலோ நானூறு கிராம். அதன்பின் மூன்று மணி வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. மணிக்கொரு முறை சிறுநீரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தராசில் ஏறி நிற்க வேண்டும்.

பதினாறு வருடமாக ஜெயபாலனின் பள்ளிப் பேருந்தை மலேசியாவில் செமோருக்கும் ஈப்போவுக்கும் இடையே ஓட்டுகிறவர். ஏப்ரலில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. காயம் ஆறியது, தாகம் தொடங்கியது. நாளுக்குப் பன்னிரண்டு லிட்டர் குடித்தார். குடித்ததெல்லாம் நிறமில்லாமல் வெளியே போனது. பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்துவிட்டு ஒரே காலையில் மூன்று முறை சாலையோரம் ஒதுங்கினார். ஒரு தாய் அதைப் படம் பிடித்து வாட்சப்பில் போட்டாள். இனிப்பு நீர் என்றார்கள். ரத்தத்தில் சர்க்கரை சரியாகவே இருந்தது. மனப்பிரமை என்றார்கள்.

"என்ன சீக்குன்னு டாக்டர் கடிதம் கொண்டா ஜோசப்பு. திங்கக்கிழமைக்குள்ள. இல்லன்னா வேற ஆளுதான் லா," என்றார் ஜெயபாலன்.

இன்று வெள்ளி.

டாக்டர் விளக்கியிருந்தார். சிறுநீரகங்கள் ஒரு நாளில் நூற்றெண்பது லிட்டர் நீரை வடிக்கின்றன. ஏறக்குறைய முழுவதையும் திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கின்றன. கடைசிப் பங்கை இழுக்க மூளையடியிலிருந்து ஒரு சுரப்பு வந்து சொல்ல வேண்டும். அடிபட்டதில் அது நின்றுபோயிருக்கலாம். தண்ணீரை நிறுத்தியும் சிறுநீர் கெட்டியாகாவிட்டால் சந்தேகம் உறுதியாகும். பிறகு ஓர் ஊசி. அதில் கெட்டியானால் மருந்து உண்டு, பேருந்தும் ஓட்டலாம்.

பதினொரு மணிக்கு அவர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கை கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பாமல் படுத்தார். ஆனால் குழாய் சொட்டும் சத்தத்துக்குக் காதை எந்தப் பக்கம் திருப்புவது? பன்னிரண்டு மணிக்கு எடை அறுபத்து நான்கு எண்ணூறு.

"நல்லாத்தான் போகுது அண்ணே. இன்னும் மூணு மணி நேரம்," என்றாள் தாதி தினேஸ்வரி.

பார்வையாளர் நேரத்தில் அக்கா பெர்னடெட் வந்தாள். தம்பியின் வெடித்த உதடுகளைப் பார்த்ததும் பையிலிருந்து ஒரு லிட்டர் போத்தலை எடுத்தாள்.

"தண்ணி கூடாதுக்கா. நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருக்காங்க."

"இது தண்ணியாடா? அன்னம்மா கோயில் தீர்த்தம். புக்கிட் மெர்த்தாஜாமுக்கு பஸ் ஏறிப் போய்க் கொண்டாந்தேன். நாக்குல ஒரு சொட்டு, போதும்."

ஒரு சொட்டுதான் விட்டாள். அவர் போத்தலைப் பிடுங்கினார். அவள் கையை நீட்டித் தடுப்பதற்குள் ஒரு லிட்டரும் உள்ளே போய்விட்டது. வாயைத் துடைத்தபின்தான் அவருக்கு விளங்கியது. கழிவறைக்கு ஓடித் தொண்டையில் விரலை விட்டார். கொஞ்சம் எச்சில் வந்தது.

ஒரு மணிக்கு அறுபத்தைந்து ஐந்நூறு.

தினேஸ்வரி இறங்கச் சொல்லி மறுபடியும் ஏற்றினாள். அதே எண்.

"குடிச்சீங்களா அண்ணே?"

"தீர்த்தம்தாம்மா குடுத்தேன்," என்றாள் பெர்னடெட்.

டாக்டர் வந்தார், தாளைப் பார்த்தார், குறுக்கே ஒரு கோடு போட்டார். இந்தச் சோதனை செல்லாது. அடுத்த இடம் மூன்று வாரம் கழித்து.

"சும்மா ஒரு கடிதம் மட்டும்..." என்றார் மரியஜோசப்.

"தெரியாததை எப்படி எழுதறது?"

மரியஜோசப் ஜெயபாலனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். "பிள்ளைங்க ஏறுற பஸ்ஸு லா. ரோய்ஸ்டன ஓட்ட வரச் சொல்லிட்டேன். நீ உடம்பப் பாரு," என்றார் ஜெயபாலன்.

தினேஸ்வரி ஜாடி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "இனிமே குடிக்கலாம்."

அவர் ஜாடியைத் தொடவில்லை.

"நாளைக்கு யாராச்சும் வராம போனா, அந்த இடத்த எனக்குத் தருவீங்களா? நான் இப்பிடியே இருக்கேன்."

"நாளைக்கு சனிக்கிழமை அண்ணே, யாருக்கும் சோதனை கிடையாது. குடிங்க. மயங்கிடுவீங்க."

"திங்கக்கிழமை?"

அவள் தண்ணீரைக் குவளையில் ஊற்றி அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். பெர்னடெட் குவளையைத் தாங்கிப் பிடித்து, தம்பியின் வாயருகே கொண்டுபோனாள். அவர் உதடுகளை இறுக்கிக்கொண்டார்.