அண்ணி பிறந்த வருஷத்து வைன்

முதலில் ஒரு முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஈப்போ வெயிலில் அரை நாள் கிடந்தால் பழைய ஜெர்மன் வைன், அடுப்பிலிருந்து இறக்க மறந்த தேங்காய்ப்பால் குழம்பு மாதிரி திரிந்துவிடும் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு காரியமும் செய்தேன். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேர் அந்தக் கதையைத் தப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். மீதிப் பேர் என் வாயால் கேட்டிருக்கிறீர்கள். அது இன்னும் தப்பு. ஆகவே அண்ணனின் ஓராண்டு நினைவுக்கு என்னை எழுதச் சொன்னபோதே அண்ணி ஒரு நிபந்தனை போட்டார். "நடந்தத மட்டும் எழுதுங்க தம்பி. உங்கள பெரிய ஆளா காட்டிக்காதீங்க."

அண்ணன் சித்தியவானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். அப்பா காலமானபோது அண்ணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. பள்ளியை விட்டுவிட்டு லகாட்டில் ஒரு சீனர் கடையில் குளிர்பெட்டி பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். அந்த வருமானத்தில் என்னைப் படிக்க வைத்தார். நான் படித்து முடித்து இன்று பள்ளி வேன் ஓட்டுகிறேன். அதற்காக அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. "படிப்பு முடிஞ்சும் பள்ளிக்கூடத்த விடாதவன் என் தம்பி ஒருத்தன்தான்" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார்.

பிறகு ஈப்போவில் ஏர்கோன், குளிர்பெட்டி பழுது பார்க்கும் கடையைச் சொந்தமாக வைத்தார். பாகான் செராயிலிருந்து அண்ணியைக் கட்டிக்கொண்டு வந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் ஒரு பிள்ளைக்கு உண்டான தொல்லை முழுவதும் என்னிடமிருந்தே கிடைத்துவிடுவதாக அண்ணி கணக்குச் சொல்வார்.

ஏர்கோன் மெக்கானிக்குக்கும் ஜெர்மன் வைனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர்கள் குறைவு. லியோங் தவுக்கே என்று எல்லாரும் அழைக்கும் சீன முதலாளி, இரும்புச் சாமான் வியாபாரி, தம் வீட்டில் வைனுக்கென்று ஒரு குளிர் அறை கட்டியிருந்தார். அது பழுதானபோது சரிசெய்யப் போனவர் அண்ணன். வேலை முடிந்ததும் தவுக்கே ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். மோசெல் என்ற ஆற்றங்கரையில் விளையும் ரீஸ்லிங் திராட்சையில் செய்த, நாற்பது வயது தாண்டிய வைன். அந்த வகை வயதாக ஆகத் தேன் வாசத்தோடு கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் ரப்பர் வாசமும் சேர்ந்துகொள்ளுமாம். பலருக்கு அது பிடிபடவே வருஷக்கணக்காகுமாம். அண்ணன் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, "தவுக்கே, இது எங்க தோட்டத்து ரப்பர் ஸ்டோர் வாசம் லா" என்று சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள்.

பழைய பாட்டில்கள் கடையில் கிடைக்காது. ஜெர்மனியில் ஏலம் விடுவார்கள். அண்ணன் பங்கெடுத்த ஏலத்தில் நாம் நேராகக் கையைத் தூக்க முடியாது. அங்கே இருக்கும் தரகர் ஒருவர்தான் நமக்காகத் தூக்குவார். அங்கே மத்தியானம் என்றால் இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். தவுக்கேயும் அண்ணனும் ஒரு தட்டு வடையை நடுவில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு முன்பே பாட்டில்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, வைன் கழுத்து வரை நிற்கிறதா, நிறம் எப்படி, தக்கை வழியாகக் கசிந்த தடம் உண்டா என்று ஆராய்ந்திருப்பார்கள். பெண் பார்க்கப் போனபோதுகூட அண்ணன் இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை என்பது அண்ணியின் புகார்.

அண்ணனுக்கு ஓர் ஆசை இருந்தது. அண்ணி பிறந்த வருஷத்து வைன் ஒரு பாட்டில் வாங்கி, தங்கள் கல்யாண நாளில் இருவருமாகக் குடிக்க வேண்டும். அந்த வருஷம் மோசெலில் விளைச்சல் குறைவு. ஏலத்துக்கு வருவதே அபூர்வம்.

"என் வயச எதுக்குங்க ஊருக்கே ஏலம் விடுறீங்க?" என்பார் அண்ணி.

"விடல. வாங்கத்தான் பாக்குறேன். நிறைய பேரு போட்டி போடுறாங்க, பெருமைப்பட்டுக்க."

இரண்டு முறை கைநழுவிப் போனது. மூன்றாம் முறை தரகரிடமிருந்து நல்ல செய்தி வந்தபோது அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். சமையலறைக்குப் போய் அண்ணியின் தலையில் கை வைத்துவிட்டு வந்தார். பெரிய மாதா கோயிலில் பாதிரியார் குழந்தையை ஆசீர்வதிப்பதுபோல் இருந்தது என்று நான் சொல்ல, அண்ணி கரண்டியைக் காட்டினார்.

பாட்டில் வந்து சேர்ந்த சில மாதங்களில் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. இருதய அறுவை சிகிச்சை என்று முடிவானது. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது வீட்டுப் பின்னறைச் சாவியை என் கையில் கொடுத்தார். மீன் பெட்டி நுரைப்பலகைகளைச் சுவரெங்கும் ஒட்டி, பழைய ஏர்கோன் ஒன்றை மாட்டி அவரே செய்த வைன் அறை அது. "காலையில ஒரு தடவ பாரு. சாயங்காலம் ஒரு தடவ பாரு. வேற ஒண்ணும் செய்யாத. உங்க அண்ணி பாட்டில் உள்ள இருக்கு."

வேற ஒண்ணும் செய்யாத. இந்த மூன்று வார்த்தையைத்தான் நான் மறந்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து அறையைத் திறந்தால் ஏர்கோன் செத்துக் கிடந்தது. உள்ளே வெதுவெதுப்பு. நான் ஏர்கோன் மெக்கானிக்கின் தம்பி. அண்ணன் கடையில் வேலை செய்யும் இரண்டு பேரின் நம்பரும் என் போனில் இருந்தது. அவர்களைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அண்ணனின் பால்ய நண்பர், சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாயைக் கூப்பிட்டேன்.

"பாய், உங்க கடையில பெரிய சில்லர் பெட்டி இருக்குல்ல..."

"தம்பி, உங்க அண்ணனுக்காக உசுரக் கேளு, தாரேன். அந்த சாமானை வைக்க என் சில்லரக் கேக்காத."

"இப்ப நான் என்ன செய்றது பாய்?"

"மொதல்ல மூச்சு விடு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். உங்க அண்ணி மூணு நாளா தூங்கல, அவங்கள வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன். உங்க அண்ணன்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மூச்சு விடுவதற்குப் பதில் நான் மார்க்கெட்டுக்குப் போனேன். நான்கு மீன் பெட்டி, வேன் நிறைய ஐஸ். பதினெட்டு பாட்டிலையும் ஐஸ் தண்ணீரில் கழுத்தளவு முக்கி, வேனில் ஏற்றி, மரத்தடியில் நிறுத்தி, பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அண்ணன் கேட்டால் அசந்துபோவார் என்று நினைத்தேன். அது உண்மையாகவே நடந்தது.

மத்தியானம் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தபோது தண்ணீரின் மேலே லேபல்கள் மிதந்தன. பழங்காலப் பசை. பாட்டில்கள் எல்லாம் உரித்த வெங்காயம் மாதிரி பளபளவென்று நின்றன. எல்லாம் ஒரே பச்சை, ஒரே ஒல்லிக் கழுத்து. அந்த ஒரு வருஷத்துக்காக அண்ணன் ஒரே திராட்சைத் தோட்டத்தின் முன்பின் வருஷத்து வைன்களையும் வாங்கிப் போட்டிருந்ததால், தக்கையை மூடிய தகடுகூட ஒன்றேதான்.

பாய் அனுப்பி வைத்த அண்ணி வீட்டுக்குள் நுழைந்தபோது, நான் துணிக் கொடியில் லேபல்களைக் கிளிப் போட்டுக் காய வைத்துக்கொண்டிருந்தேன். கொடியருகே வந்து ஒரு லேபலைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுல நான் எது தம்பி?"

அவர் வேனுக்குப் போய்ப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தவுக்கேவுக்குப் போன் செய்தேன். இரண்டு மூன்று நாள் சூட்டில் இந்த வைனுக்கு ஒன்றும் ஆகாது, நீ ஏன் குளிப்பாட்டினாய் என்று கேட்டார். எந்த வருஷம் என்பது தக்கையின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும். ஆனால் தகட்டை அறுத்துத் திறந்தால்தான் தெரியும். திறந்தால் அன்றே குடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அண்ணன் வீடு திரும்பியதும் நானே சொன்னேன். சொல்வதற்கு முன் இரண்டு நாள் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கதையில் துணிக் கொடி வரும்போது அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. நான் பயந்துபோய் அண்ணியைக் கூப்பிட்டேன். அவர் நெஞ்சுத் தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "போதும்டா, பிரிஞ்சிடும்."

"எல்லாத்தையும் திறந்து பாத்துடலாம்ணே" என்றேன்.

"உன் பதட்டத்துக்கு என் பாட்டிலயெல்லாம் பலி குடுக்கவா? வாரம் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை."

ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இருதயம் பலவீனமாகவே இருந்தது. டாக்டர் அண்ணியையும் என்னையும் தனியே அழைத்து, இன்னும் சில மாதங்கள்தான் என்றார். அண்ணன் கெஞ்சியதில் வாரத்துக்கு இரண்டு வாய் மட்டும் அனுமதித்தார். கல்யாண நாளும் கடந்து போனது. அன்று அண்ணி எடுத்துக் கொடுத்த பாட்டில் வேறு வருஷம். அதற்கு அடுத்த வாரமும் வேறு. தக்கை வெளியே வரும்போது அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருஷத்தைப் படிப்பார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வடையைப் பார்ப்பேன். "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்பார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார்கள். தவுக்கே வந்தார். பாய் தம் தேத்தண்ணீரோடு வந்து அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னைக்கும் தங்கச்சி பாட்டில் இல்லையா?" என்று கேட்பார். அண்ணி எப்போதும் உதட்டை மட்டும் நனைத்துவிட்டு, மண்ணெண்ணெய் வாடை என்று கிளாஸை வைத்துவிடுவார். பல வருஷங்களாகப் பூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டில்களை அண்ணன் எங்களோடு உட்கார்ந்து குடித்தது அந்த மாதங்களில்தான். அதற்காக எனக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டாம். நான் அந்த எண்ணத்தில் ஐஸ் வாங்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவன் நான். அண்ணனைக் கடைசிவரை கவனித்த டாக்டருக்கும் தாதிமார்களுக்கும், அண்ணன் கண்ணை மூடும்வரை தினமும் வந்துபோன பாய்க்கும், இறுதிச் சடங்கில் எங்கள் உறவினரைப் போலவே வெள்ளை உடுத்தி நின்ற லியோங் தவுக்கேவுக்கும், கடையைத் திறந்து வைத்திருக்கும் அண்ணனின் இரண்டு சீடர்களுக்கும், துக்க நாட்களில் எங்கள் அடுப்பு எரியாமலே எங்களுக்குச் சோறு போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த ஏர்கோனில் ஒரே ஒரு ஃபியூஸ்தான் போயிருந்தது என்பதை இவ்வளவு நாள் வெளியே சொல்லாமல் இருந்ததற்கும் அந்தச் சீடர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: அந்தப் பாட்டில் கடைசியில் கிடைத்ததா?

கிடைத்தது. அன்று அண்ணனால் எழுந்து உட்கார முடியவில்லை; கட்டிலருகே வைத்து நான்தான் திறந்தேன். தக்கை பாதியில் உடைந்தது. உடைந்த துண்டை அண்ணன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பிறகு அதை அண்ணி கையில் கொடுத்தார். அண்ணனுக்குக் கரண்டியால் இரண்டு வாய் கொடுத்தோம். அண்ணி தம் கிளாஸை முழுவதும் குடித்தார். குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி என் பக்கம் நீட்டினார்.