காலண்டர் தாளில் ஒரு சிவப்புப் புடவை

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாதம், கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு முன் அறையில் நடந்தது இது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. என் மகள் அப்போதுதான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள். லீவு விட்டதிலிருந்து செல்போனைக் கீழே வைக்கவில்லை. அவளோடு தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரையும் சேர்த்து உட்கார வைத்து, காலையில் இரண்டு மணி நேரம் படம் போடச் சொல்லித்தரலாம் என்று ஆரம்பித்தேன். நான் டீச்சர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருப்பவள். ஆனால் பிள்ளைகள் முதல் நாளே ‘மிஸ்’ என்று கூப்பிட்டார்களா, எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

வகுப்புக்கு ஒரு சட்டம் போட்டேன். கடையில் வாங்கிய பெயிண்ட் கூடாது. வீட்டில் கிடப்பதை வைத்துத்தான் படம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்தான் பேப்பர். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி அச்சுக் குத்தினால் பூ. தேய்ந்துபோன டூத் பிரஷ்ஷை விரலால் தெறிக்க விட்டால் மழை. நூலை நனைத்துத் தாளுக்கு நடுவே வைத்து இழுத்தால் என்னவென்றே சொல்ல முடியாத ஓர் அழகு வரும். மஞ்சள் தூள், காப்பித் தூள், கீரைச் சாறு, துணிக்குப் போடும் சொட்டு நீலம், அடுப்புக்கரி என்று அவரவர் வீட்டிலிருந்து டப்பா மூடிகளில் கொண்டுவருவார்கள். சுண்ணாம்பு, பினாயில், பிளீச்சிங் பவுடர் மூன்றையும் தொடவே கூடாது, கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அது சரியான எச்சரிக்கைதான். அதுவே ஒரு பிள்ளையின் வாயைக் கட்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எல்லா நிறமும் வந்தது, சிவப்பு மட்டும் வரவில்லை. பீட்ரூட் காய்ந்ததும் அழுக்கு ரோஸ் ஆனது. செம்பருத்தி ஊதாவில் போய் நின்றது. குங்குமத்தை, சாமி விஷயம், தாள் காலில் மிதிபடும் என்று நானே வேண்டாம் என்றேன். “நம்ம கிளாஸ்ல சிவப்பே கிடையாதுப்பா” என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி மலைக்காரப் பெண். ஒன்பது வயது இருக்கும். கல்வராயன் மலைதான் ஊர். அப்பாவும் அம்மாவும் கேரளாவில் தோட்ட வேலைக்குப் போயிருந்ததால், எங்கள் தெருக்கோடியில் இருந்த சித்தி வீட்டில் லீவுக்கு விட்டிருந்தார்கள். சித்திக்கு அரிசி மில்லில் வேலை. இந்தப் பெண் அதிகம் பேச மாட்டாள். மற்றவர்கள் பூவும் வீடும் போட்டால் இவள் இரண்டு மணி நேரமும் ஒரே தாளில் குனிந்திருப்பாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை படங்களைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டி, பிள்ளைகளின் வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் முன்பு, வீட்டில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தவரைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் குக்கரைப் பார்க்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது, அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் தாளில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் கட்டியிருந்தது நல்ல செங்கல் சிவப்பில் புடவை. ஈரம்கூடக் காயவில்லை.

என் கண் உடனே போன இடம் அலமாரி. அதில்தான் என் மகளின் பெயிண்ட் பாட்டில்கள் இருந்தன. திறந்து பார்த்தேன். சிவப்புப் பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

“இந்த செவப்பு எங்க எடுத்த?” என்றேன்.

“மஞ்சா மிஸ்.”

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் மோசம். கையைக் காட்டச் சொன்னேன். விரல் நுனியெல்லாம் சிவப்பு. எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேன். எடுத்ததுகூடப் பரவால்ல, பொய் சொல்லாத.”

“நான் எடுக்கல மிஸ்,” என்றாள். இன்னொரு முறையும் அதையே சொன்னாள். அழவில்லை. அழாதது எனக்குத் திமிராகத் தெரிந்தது.

“இனிமே யார் வூட்டுலயும் எதையும் தொடாத. கையைக் கட்டிக்கினு உக்காரு.”

வகுப்பு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். படத்தை நான் வாங்கி ஃபைலில் வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டால் தரலாம் என்று நினைப்பு. பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகத்தான் அன்று இரவு என் கணவரிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். கேரளாவிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கிய அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மா கொடியில் தொங்கிய படங்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை பார்த்தார். திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தார்.

“எம் பொண்ணுது எதுங்க டீச்சர்?”

அவ்வளவு பேர் நடுவில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அவ இன்னும் முடிக்கலீங்க” என்றேன். அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முடித்த படம் அது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பொய் சொல்லாதே என்று சொன்ன வாய்தான் அதையும் சொன்னது. அந்த அம்மா அன்று கட்டியிருந்தது செங்கல் சிவப்பில் ஒரு பழைய புடவை. அதுவும் எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஆவணியில் எலவனாசூர்கோட்டையில் என் தம்பிக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் வரும்போது ஆரத்தி எடுக்க வேண்டியவள் நான். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைப் போட்டேன், துளி சுண்ணாம்பைக் கரைத்தேன். சிவந்தது. எத்தனை வருடமாகச் செய்கிற காரியம், என் கைக்குத் தெரிந்த கணக்கு. அன்று மட்டும் ‘மஞ்சா மிஸ்’ என்ற குரல் ஞாபகம் வந்தது. சுற்றி முடித்து வாசலில் ஊற்றினேன். மறுநாள் காலை பார்த்தால், கோலத்துக்குப் பக்கத்தில் சிவப்பாகக் கிடந்த தடம் வெறும் மஞ்சளாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தேன். புடவை மஞ்சளாகியிருந்தது. மடிப்பில் மட்டும் எங்கோ ஒரு கோடு பழுப்பாக மிச்சம். கடைப் பெயிண்ட் இப்படி மாறாது. சாயங்காலம் மகளைக் கேட்டேன். “அந்தச் செவப்பா? ஸ்கூல் சார்ட்டுக்கு நான்தாம்மா போட்டேன். நீ என்னைக் கேக்கவே இல்லியே” என்றாள். கேட்கத் தோன்றவில்லை. என் மகள் என்பதால் தோன்றவில்லை, இன்னொருத்தி மலைக்காரப் பெண் என்பதால் திருட்டு தோன்றியது. இதை எழுதவே கை கூசுகிறது.

படத்தை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்கு ஓடினேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

“என் வெத்தலை சுண்ணாம்புதாங்க அது,” என்றார். “நீங்க தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களாமே. சொன்னா ஜாஸ்தி திட்டுவீங்கன்னு பயந்துக்கினு சொல்லாம வுட்டுருக்குது. இப்ப மலைலதான் படிக்குது. இன்னா ஆச்சோ தெரியலீங்க, யார் வூட்டுக்குப் போனாலும் கையைக் கட்டிக்கினேதான் நிக்குது. முறுக்கு குடுத்தாக்கூட வாங்க மாட்டேங்குது.”

கையைக் கட்டிக்கினு உக்காரு என்று சொன்னவள் நான்தான்.

அடுத்த சனிக்கிழமை வெள்ளிமலை பஸ் ஏறினேன். அங்கே இறங்கி விசாரித்து நடந்தேன். அந்தப் பெண் அவள் வீட்டு வாசலில்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய சொந்த வீட்டில்.

தப்பு என்னுது, நீ எடுக்கவில்லை என்று எனக்கு இப்போது தெரியும், என்னை மன்னிச்சிடு என்று சொன்னேன். “பரவால்ல மிஸ்,” என்றாள். கை இறங்கவில்லை. படத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. உள்ளேயிருந்து வந்த அவள் அம்மா வாங்கிப் பார்த்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவருக்கு.

“நானா இது? என்கிட்ட மஞ்சப் புடவையே கெடையாதே கண்ணு.”

“அப்ப செவப்பா இருந்துச்சும்மா,” என்றாள் அந்தப் பெண்.

அந்த அம்மாவிடம் நடந்தது முழுவதையும் சொன்னேன். அன்று முடிக்கவில்லை என்று நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. கேட்டுவிட்டு, “வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க” என்றார்.

இப்போதும் ஒவ்வொரு மே மாதமும் வகுப்பு நடத்துகிறேன். சுண்ணாம்பை நானே கரைத்து ஊற்றுகிறேன், மஞ்சள் சிவப்பாவதைப் பார்த்துப் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். எனக்கு மட்டும் அந்தக் கட்டிய கைகள் ஞாபகம் வரும். ‘எப்படிச் செய்தாய்’ என்று அன்று கேட்டிருந்தால் ஒரு குழந்தை சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்திருக்கும். ‘எங்கே எடுத்தாய்’ என்று கேட்டுவிட்டேன், அந்தக் கேள்வி கட்டிய கைகளை என் மன்னிப்பால் அவிழ்க்க முடியவில்லை.